தப்பாத கணிப்பு

“டாக்டர், அஞ்சு வாரமா என் கணிப்பு ஒரு தடவைகூட தப்பல. அப்புறம் ஏன் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது?”

கேட்டவர் அரியநாயகம். வயது ஐம்பத்து மூன்று. கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். உலகம் முழுக்கப் பரவிய தொற்று அவருடைய மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தபோது, கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் நோயின் போக்கைக் கணித்துச் சொல்லும் வேலைக்கு அழைக்கப்பட்டவர்.

கேட்கப்பட்டவர் டாக்டர் மெஹருன்னிசா. அரியநாயகத்தைவிடப் பதினேழு வயது இளையவர். தொற்றுநோயைப் பற்றி அரியநாயகத்துக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்பவர்கள் கதையை இங்கேயே மூடி வைத்துவிடலாம்.

“எங்கே, காட்டுங்க.”

ஒரு தாளை நீட்டினார்.

முதல் வாரம் கணித்தது நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். வந்தது நானூற்று ஒன்பது.

ஐந்தாம் வாரம் கணித்தது ஆயிரத்து இருநூற்று நாற்பது. வந்தது ஆயிரத்து இருநூற்று முப்பத்தெட்டு.

கணித்த கோடு சிவப்பு. நடந்த கோடு நீலம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. கலெக்டர் எழுந்து நின்று பாராட்டியிருந்தார். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் போன் போட்டுச் சூத்திரம் கேட்டார்கள்.

மெஹருன்னிசா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பாராட்டவில்லை.

“இதை யார் யாருக்கு அனுப்புனீங்க சார்?”

“பதினாலு அதிகாரிகளுக்கு. திங்கக்கிழமை தவறாம.”

“படிச்சாங்களா?”

“படிச்சாங்களே. ‘பார்வையிடப்பட்டது’ன்னு பதில் வந்துச்சு.”

“படிச்சு, யாராவது ஒரு சந்தையை மூடியிருந்தா, ஒரு கல்யாணக் கூட்டத்தைக் குறைச்சிருந்தா, இந்த ரெண்டு கோடும் இப்படி ஒட்டிக்கிட்டுக் கிடக்குமா?”

அரியநாயகம் மறுபடி கோடுகளைப் பார்த்தார்.

அந்த இரண்டு கோடும் நெருங்க நெருங்க ஐந்து வாரமாகப் பூரித்துப்போயிருந்தவர் அவர். வீட்டில் மனைவியிடம்கூடக் காட்டிப் பெருமையடித்திருந்தார். இப்போது அதே தாளைத் தொடவே கை கூசியது.

“அடுத்த கணிப்பு என்ன சார்?”

“அதுதான் டாக்டர். அதைப் போட்டதிலேருந்துதான் சோறு இறங்கல.”

ஊர் செங்கால்குளம். ஆயிரத்து எண்ணூறு பேர். இன்னும் எட்டு நாளில் அம்மன் கொடை. மூன்று நாள் திருவிழா. பம்பாய், திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள்.

பதிவான பஸ் டிக்கெட்டுகளை அரியநாயகம் எண்ணியிருந்தார். அந்த நகரங்களில் இன்று நோய் எந்த அளவில் இருக்கிறது என்று சேர்த்திருந்தார். கொடைக் கூட்டத்தையும் போட்டுப் பார்த்திருந்தார்.

கொடை முடிந்து மூன்று வாரத்துக்குள் முந்நூற்று நாற்பது பேருக்கு நோய். ஐம்பது பேருக்கு ஆக்சிஜன்.

“அப்புறம்?”

“பதினொண்ணு.”

அவர் நீட்டிய புதுத் தாளில், இறப்பு என்ற கட்டத்துக்கு நேரே அந்த எண் இருந்தது. அவர் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை.

“தடை உத்தரவு கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘பார்வையிடப்பட்டது.’”

மெஹருன்னிசா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். மேலே ‘பெறுநர்’ என்று போட்டு, கீழே பதினான்கு பதவிகள் வரிசையாக அச்சாகியிருந்தன. மேஜையில் கிடந்த கத்திரிக்கோலை எடுத்தார். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். மிச்சத்தை அரியநாயகத்திடம் நீட்டினார்.

“டாக்டர்! இது ஆபீஸ் உபயோகத்துக்கு மட்டும்!”

“கொடைக்கு ஆபீஸா வரப்போகுது?”

அரியநாயகம் தாளை வாங்கிக்கொண்டார்.

“கால்நாட்டு என்னைக்கு சார்?”

“நாளைக்குக் காலையில.”

கொடைக்கு ஒரு வாரம் முன்னால் கோயில் வாசலில் கால் நடுவார்கள். நட்டுவிட்டால் முடிந்தது. அதன்பிறகு கொடையை நிறுத்தினால் அம்மன் பொறுக்கமாட்டாள். அந்தப் பக்கத்தில் கலெக்டர் உத்தரவைவிட அதற்குப் பலம் அதிகம்.

அன்று மத்தியானமே அரியநாயகம் பஸ் ஏறினார்.

கோயில் முன்னால் கொடை கமிட்டியார் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பெயர் மாடக்கண்ணு. பொறுமையாகத்தான் கேட்டார். தாளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“சார்வாள், நீங்க சொல்லுத மாதிரி கொடையை நிறுத்திட்டோம்னு வைங்க. அப்பம் இந்தப் பதினோரு பேரும் சாவ மாட்டாவ. அப்படித்தான?”

“ஆமா.”

“அப்பம் நீங்க சொன்னது பொய்யாப் போயிரும்லா?”

“ஆமா.”

“பொய்யாப் போவும்னு நீங்களே சொல்லுதிய. அதை நம்பி அம்மன் கொடையை நிறுத்தவும் சொல்லுதிய.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

முப்பது வருடம் வகுப்பெடுத்தவர் அரியநாயகம். எந்த மாணவனும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு அவரை மடக்கியதில்லை.

“சரி, அந்தப் பதினோரு பேரு யாரு? பேரைச் சொல்லுங்க.”

“பேரெல்லாம் கணக்குல வராதுங்க. அறுபது தாண்டுனவங்க. சர்க்கரை, மூச்சிரைப்பு உள்ளவங்க. அவ்வளவுதான் தெரியும்.”

“பேரே தெரியாம வந்துட்டீரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுபடி சிரிப்பு.

தூணோரம் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். கொடைக்கு வருடா வருடம் பொங்கல் பானைகளை முன்னின்று ஏற்றுகிறவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“அவருக்கு எப்படித் தெரியும்? அவரு ஊரா இது? நமக்குத் தெரியும்லா.”

விரலை மடக்கினார்.

“சுப்பையா அண்ணாச்சி. மேளச் சத்தம் கேட்டா வீட்ல இருப்பாரா? ஒண்ணு.”

“சாமியாடுத முத்தையா. ரெண்டு தெரு நடந்தாலே அவருக்கு இளைக்கு. ரெண்டு.”

“எங்க மாமியா. மூணு.”

“ராமலெட்சுமி அக்கா. போன மாசந்தான் சக்கரை ஏறி ஆஸ்பத்திரில கெடந்தா. நாலு.”

“போதும், விடு” என்றார் மாடக்கண்ணு.

ராமலெட்சுமி அவர் மனைவி.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மனசுக்குள் ஆளாளுக்கு மிச்ச விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாடக்கண்ணு எழுந்து போய்க் கோயில் நடையில் நின்றார். உள்ளே அம்மனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்தார்.

“கால் நட வேண்டாம். பம்பாய்க்கும் திருப்பூருக்கும் போன் போட்டு, யாரும் கெளம்ப வேண்டாம்னு சொல்லுங்க.”

அரியநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கும்பிடெல்லாம் இருக்கட்டும் சார்வாள். கொடை நின்னு இந்த ஊரு பாத்ததில்ல. கொடை நாளு கழிஞ்சு மூணு வாரம் பாப்போம். ஒண்ணும் வரலன்னு வைங்க, உங்கள சும்மா விட மாட்டோம்.”

அதன்பிறகு அரியநாயகத்துக்கு வந்தது உண்மையான அவஸ்தை.

காலையில் அலுவலகம் வந்ததும் மாவட்டத்தின் தொள்ளாயிரம் ஊர்களில் செங்கால்குளத்தைத்தான் முதலில் தேடினார். கொடை நாள் கழிந்த முதல் வாரம் இரண்டு பேர். இரண்டாம் வாரம் ஏழு. ஒருவேளை கொடை நடந்திருந்தாலும் இவ்வளவுதான் வந்திருக்குமோ? பஸ் டிக்கெட்டில் இரட்டைப் பதிவு இருந்திருக்குமோ? ஓர் ஊரின் அம்மனை ஒரு கூட்டல் பிழைக்காகப் பட்டினி போட்டுவிட்டோமோ?

கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். பதினொன்றுதான் வந்தது.

பதினாறாம் நாள் மெஹருன்னிசாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“டாக்டர், நான் மனுஷனே இல்ல.”

“உட்காருங்க சார். என்ன ஆச்சு?”

“செங்கால்குளத்துல இன்னைக்கு மூணு பேருக்குக் காய்ச்சல்னு வந்துச்சு. பாத்ததும் மனசு சந்தோஷப்பட்டுச்சு டாக்டர். ‘அப்பாடா, நம்ம கணக்கு சரிதான்’னு. ஒரு நொடிதான். ஆனா பட்டுச்சு. என்னைச் செருப்பால அடிக்கணும்.”

மெஹருன்னிசா பேனாவை மூடி வைத்தார்.

“எனக்கும் ஒரு தடவை பட்டிருக்கு சார்.”

அரியநாயகம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“என் கணக்கு சரியா தப்பான்னு எப்பதான் டாக்டர் தெரியும்?” என்றார்.

“தெரியாது.”

“என்னைக்குமேவா?”

“கொடை நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அரியநாயகம் எழுந்து தன் இடத்துக்குப் போனார். அன்றும் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

மூன்று வாரம் முடிந்தது.

சுகாதாரத் துறையின் தாள் பதினொரு மணிக்கு வந்தது. செங்கால்குளம் வரியில் விரலை வைத்து நகர்த்தினார். நோய், இருபத்தாறு. அவர் கணித்தது முந்நூற்று நாற்பது. ஆக்சிஜன், இரண்டு. அவர் கணித்தது ஐம்பது.

சிவப்புக் கோடு எங்கேயோ மேலே போய்விட்டது. நீலக் கோடு தரையிலேயே கிடந்தது. ஐந்து வாரம் பாராட்டியவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இறப்பு என்ற கடைசிக் கட்டத்துக்கு விரல் போகும் முன்னால் போன் அடித்தது.

“சார்வாளா? மாடக்கண்ணு பேசுதேன்! இருபத்தாறு பேரு! அதுவும் சளிக் காய்ச்சல் மாதிரி வந்து போயிட்டு! இதுக்கா எங்க அம்மனைப் பட்டினி போட்டீரு?”

அரியநாயகம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் போன் கைமாறியது.

“இந்த வருசம் ஆடாம என் காலே மரத்துப் போச்சு வே! முத்தையா பேசுதேன்!” அவருக்கு இளைத்தது. இளைப்புக்கு நடுவிலும் திட்டினார்.

மறுபடி கைமாறியது. இந்தமுறை ஒரு பெண் குரல். “படிச்ச மனுசன் செய்யுத வேலையாய்யா இது? பிள்ளைய மொகத்தைப் பாக்காம ஒரு வருசம் போச்சு. இருந்த ஒரு சந்தோசத்தையும் கெடுத்துட்டீரே!” பின்னாலிருந்து மாடக்கண்ணு, “ராமலெட்சுமி, இங்க குடு, இன்னும் ரெண்டு கேக்கேன்” என்று அதட்டுவது கேட்டது.

காது கொதித்தது. போனை மேஜைமேல் வைத்துவிட்டார். அதில் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டே இருந்தன.

சத்தம் கேட்டு மெஹருன்னிசா வந்தார்.

“யாரு சார்?”

“செங்கால்குளம்.” அரியநாயகம் போனைக் காட்டினார். “முப்பது வருஷத்துல என்னை யாரும் இப்படிப் பேசினதில்ல டாக்டர். ஊரே சேர்ந்து திட்டுது.”

“ஊரேவா?”

“ஊரேதான்.”

“நல்லா எண்ணிப் பாத்துச் சொல்லுங்க சார். யாரும் குறையலையே?”

அரியநாயகம் அவரைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

மெதுவாக எடுத்துக் காதில் வைத்தார்.

“இன்னும் யார் யார் இருக்கீங்க?” என்றார். “எல்லாரும் வந்து பேசுங்க.”