சங்கரபாண்டியின் பங்கில் எஞ்சின் இல்லை

சித்தப்பா சாகும்போது மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் காரை விட்டுப்போனார். கூரையை மடித்தால் திறந்த வண்டி, இரண்டே சீட்டு. மலைமேல் எஸ்டேட் முதலாளி ஒருவரிடமிருந்து கொச்சி ஓட்டல்காரரிடம் போய், அங்கிருந்து சித்தப்பாவுக்குக் கைமாறியது. “சண்ட போடாம சமமாப் பிரிச்சுக்கிடுங்கல” என்பதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

தலைத்திவசம் கழிந்ததும் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டுப் பிரித்தார்கள். முன்பக்கம் மூத்தவர் சங்கரபாண்டிக்கு, நடுப்பகுதி இசக்கிமுத்துவுக்கு, பின்பக்கம் கடைக்குட்டி கோமதிநாயகத்துக்கு.

மறுநாள் சங்கரபாண்டிக்குக் கல்யாணம். “மாப்பிள்ள திறந்த கார்ல வரணும். முகூர்த்தம் தப்பிச்சின்னா, எங்க அக்கா மகன் பட்டுவேட்டி கட்டித் தயாரா நிக்கான்” என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் சங்கரபாண்டி தன் பங்கைத் திறந்து பார்த்தார். உள்ளே வெறும் குழி. எஞ்சினோ சீட்டுக்குப் பின்னால், இசக்கிமுத்துவின் பங்கில், கம்பெனிக்காரன் வைத்த இடத்திலேயே சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“எல, என் எஞ்சின எதுக்கு எடுத்த?”

“நான் தொடலண்ணே. அதுவா வந்திருக்கு.”

கோமதிநாயகம் யோசித்தான். அந்த வீட்டில் யாராவது யோசித்தால் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

“பஸ் கிளம்புனா நாம பின்னால சாயுதோம்லா? இத்தன ஓனரும் முன்னால ஓட்டி ஓட்டி, எஞ்சின் பின்னால நகந்துட்டு.”

“அப்ப பின்னால ஓட்டுனா முன்னால வந்துரும்” என்றார் சங்கரபாண்டி. காலிப் பங்கோடு பெண் வீட்டுக்குப் போக அவருக்கு வெட்கமாக இருந்தது.

மாலையும் கழுத்துமாக அவர் உட்கார, இசக்கிமுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டான். எஞ்சின் நகர்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்க்க, முன்மூடிமேல் காதை வைத்துக் குப்புறப் படுத்திருந்தான் கோமதிநாயகம்.

மண்டபம் வந்தது. மேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் கார் நிற்காமல் பின்னாலேயே போனது.

“நில்லுங்க மாப்பிள்ள” என்று மாமனார் ஓடிவந்தார்.

“பிரேக் போட்டா எஞ்சின் பழையபடி நகந்துரும் மாமா” என்று கும்பிட்டபடியே சங்கரபாண்டி தூரமாகிப் போனார். அக்கா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

ஊர் எல்லையில் பெட்ரோல் தீர்ந்து வண்டி தானே நின்றது. சங்கரபாண்டி இறங்கி மூடியைத் திறந்தார். குழிதான் இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் கல்யாணப் பெண் தெய்வானை, பட்டுப்புடவையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவளுக்கு அந்த அக்கா மகனைக் கண்டாலே ஆகாது.

“வண்டி கிடக்கட்டும். மண்டபம் பக்கந்தான், நடங்க.”

சங்கரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார். பின்பக்கமாக நடந்தார்.

“இது எதுக்கு?”

“முன்னால நடந்தா மூள பின்னால போயிரும்லா?”

அது இப்போது எங்கே இருக்கிறது என்று தெய்வானை கேட்கவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.