ஓணான்குறிச்சிக்காரர்கள் குப்பை தயாரித்த கதை

ஓணான்குறிச்சி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களையும் கேட்காதீர்கள். அவர்களிடம் வழி கேட்டுக் கிளம்பியவன் எவனும் இன்னும் போய்ச் சேரவில்லை. அரசாங்க ஜீப்பும் டவுன் பஸ்ஸும் மட்டும் போகும். இரண்டும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

அந்த ஊரில் ஒரு பால்வாடி. பதினேழு பிள்ளைகள், ஒரு டீச்சர். சொர்ணவல்லி டீச்சர்தான் அங்கே புத்தியுள்ள ஒரே ஆள். அவரும் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்.

ஒரு புதன்கிழமை டீச்சர் ஊரைக் கூட்டி ஒரு காகிதத்தைப் படித்தார்.

"வீட்டில் உடைந்தது, கிழிந்தது, காலியானது இவற்றைக் கொண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் கையாலேயே ஒரு பொம்மை செய்து பரிசளிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி வந்து பார்ப்பார். திருப்தியில்லை என்றால் பால்வாடியை மூடி, பிள்ளைகளை ஆலங்கரைப் பால்வாடியில் சேர்த்துவிடுவார்."

ஆலங்கரை என்பது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர். நடுவில் பாலம் என்ற பெயரில் ஒரு பனைமரம் கிடக்கிறது. கூரை வேய்கிற சடையாண்டி எழுந்து முன்னால் வந்தான். அவன் மகள் செவ்வந்திக்கு நாலு வயசு.

"டீச்சரம்மா, எம்புள்ள தினம் அந்தப் பனைமரத்துல நடந்தா எனக்கு உசிரு நிக்காது. நானே செய்யறேன்."

வார்டு மெம்பர் பொன்னுரங்கம் தானாகவே தலைவரானார். தையல்காரர் முத்தையனையும் சேர்த்துக் குழு மூன்று பேரானது.

"நான் நாளைக்கு மீட்டிங் போறேன். வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில்தான் வருவேன்" என்றார் டீச்சர். "ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அதிகாரி வந்து கொடுக்கும்வரை பொம்மைகள் எதுவும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது."

"அதை எங்கிட்ட விடுங்க" என்றார் பொன்னுரங்கம். டீச்சர் விட்டுவிட்டுப் போனார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

மூவரும் கூடையோடு வீடு வீடாகப் போனார்கள். உடைந்த பானையில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கிழிந்த சாக்கில் ஆடு படுத்திருந்தது. அறுந்த செருப்பு திருஷ்டிக்காகப் பூசணிப் பந்தலில் தொங்கியது. ஓட்டை வாளியில் கறிவேப்பிலைச் செடி. கூடை காலியாகவே திரும்பியது.

"அண்ணே, நம்ம ஊர்ல குப்பையே இல்லைண்ணே" என்றான் சடையாண்டி.

"என்னய்யா இது கேவலம்! ஆலங்கரைக்காரன் ரோட்டோரம் மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கான். நமக்கு ஒரு கூடைக்கு வக்கில்லையா?"

"அவங்ககிட்ட இரவல் கேக்கலாமா?"

"கூடாது. வீட்டில் உடைஞ்சதுன்னு காகிதத்துல போட்டிருக்கு. வெளியூர்ல உடைஞ்சது செல்லாது."

"அப்ப என்னண்ணே பண்றது?"

பொன்னுரங்கம் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "நாமளே தயாரிக்க வேண்டியதுதான்."

அன்று மாலைக்குள் ஓணான்குறிச்சி ஒரு தொழிற்சாலை ஆனது. காலித் தீப்பெட்டி வேண்டுமென்று ஊரிலிருந்த தீக்குச்சி முழுவதையும் கிழித்துத் தீர்த்தார்கள். ராத்திரி அடுப்புப் பற்றவைக்க ஒரு குச்சி இல்லை. ஊரே பழைய சோற்றைத் தின்றது. காலி பவுடர் டப்பா வேண்டுமென்று இருந்த பவுடரையெல்லாம் பூசித் தீர்த்தார்கள். ஆள் போதாமல் எருமைகளுக்கும் பூசினார்கள். அந்த மாலை மேய்ச்சலிலிருந்து திரும்பிய எருமைகளில் எது யாருடையது என்று தெரியாமல் மூன்று வீட்டில் மாற்றிக் கறந்தார்கள்.

முத்தையன் பாடு இன்னும் பெரிது. துணித்துண்டு வேண்டும். அவர் கடையில் விழுகிற துண்டெல்லாம் தலையணைக்குள் போய்விடும். எனவே தைக்க வந்திருந்த பதினான்கு ஜாக்கெட் துணிகளையும் அளவு பிசகாமல் வெட்டினார். ஓரத்தில் விழுந்த துண்டுகளைப் பக்குவமாகக் கூடையில் எடுத்துவைத்தார். கடைக்குப் பின்னால் ஒரு குழி தோண்டி, ஜாக்கெட்டுகளை வாரி அதில் கொட்டினார்.

மறுநாள் காலையில் ராக்கம்மாள் வந்து நின்றாள்.

"யோவ், ஞாயித்துக்கிழமை எங்கொழுந்தனுக்குக் கல்யாணம். எஞ்ஜாக்கெட் எங்கேய்யா?"

"குழியில கிடக்கு தாயி. உந்துணியில அருமையான துண்டு விழுந்துச்சு. பாக்கறியா?"

"துண்டை வச்சு நான் என்னய்யா பண்ண?"

"அரசாங்கம் கேட்டது துண்டைத்தான். ஜாக்கெட்டை யாரும் கேக்கல."

"அப்ப கல்யாணத்துக்கு அந்த அரசாங்கத்தையே வந்து நிக்கச் சொல்லு!" என்று சொல்லிவிட்டு, அவர் தையல் மெஷினின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனாள்.

ஒருவழியாகக் குப்பை தயார். வியாழக்கிழமை டீச்சர் இல்லாததால் பிள்ளைகளுக்கு லீவு; மூவரும் பால்வாடிக்குள் உட்கார்ந்து பொம்மை செய்யத் தொடங்கினார்கள். முத்தையன் கத்தரிக்கோலை எடுத்தார். பொன்னுரங்கம் அதைப் பிடுங்கினார்.

"கையாலேயேன்னு போட்டிருக்கு. கத்தரி என்ன கையா?"

"நேத்து ஜாக்கெட்டைக் கத்தரியாலதானே வெட்டினேன்?"

"குப்பை பண்ண எதையும் பிடிக்கலாம். பொம்மை பண்ணக் கைதான்."

"அப்ப நூலைப் பல்லால கடிச்சுக்கறேன்."

இதற்கு ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பல் கையைச் சேர்ந்ததா, வாயைச் சேர்ந்ததா? வாயைச் சேர்ந்தது என்று முடிவானதும் முத்தையன் சோர்ந்துபோனார். சடையாண்டிதான் வழி கண்டுபிடித்தான்.

"நம்ம ரங்கநாத வாத்தியாரு பல்செட்டைக் கழட்டிக் கையிலதான் வச்சிருப்பாருண்ணே."

"அப்படிச் சொல்லு. கூட்டியா அவரை."

வாத்தியார் வந்தார். நூல் நீட்ட நீட்ட, பல்செட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கடக் கடக்கென்று கடித்துக் கொடுத்தார். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினார்கள். பொழுது சாயும்போது பதினேழு பொம்மைகள் வரிசையாக நின்றன. பவுடர் டப்பா உடம்பு, கொட்டாங்கச்சித் தலை, தீப்பெட்டிக் கால், ஜாக்கெட் துண்டில் பாவாடை. சடையாண்டி செவ்வந்திக்கென்று செய்ததற்கு மட்டும் மூக்கு இருந்தது. அது எந்த ஜீவனின் மூக்கு மாதிரி இருந்தது என்று நான் சொல்லமாட்டேன், பெற்றவன் மனசு புண்படும்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுச் சிக்கல் வந்தது. அதிகாரி வருகிற நாளென்று அன்று லீவு இல்லை, பிள்ளைகள் வருகிற நேரம். பொம்மை கண்ணில் படக்கூடாது.

"பொம்மையை ஒளிச்சு வைக்கலாமா?" என்றான் சடையாண்டி.

"பசை இன்னும் காயல. நகத்தினா கால் கழண்டுக்கும். பிள்ளைகளுக்குக் கால் கழலாதில்ல? அதுகளை ஒளிச்சு வைப்போம்."

"எங்கேண்ணே?"

"ஆலங்கரைப் பால்வாடியில. பிள்ளைகளுக்குள்ள பிள்ளைகளை விட்டா எவன் கண்டுபிடிப்பான்?"

எந்தப் பனைமரத்தில் மகள் நடக்கக்கூடாது என்று சடையாண்டி இரண்டு நாள் தூங்காமல் பாடுபட்டானோ, அதே பனைமரத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நடந்தான்.

அதிகாரியம்மா முதலில் ஆலங்கரைக்குப் போனார். இருபத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது தலைகளை எண்ணி, திருப்தியாக எழுதிக்கொண்டார். பிறகு ஓணான்குறிச்சிக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய டீச்சர் ஓடிவந்து அவர் பின்னாலேயே நுழைந்தார்.

"பொம்மை பிரமாதம்" என்றார் அதிகாரி. "குழந்தைகள் எங்கே?"

"இல்லைங்கம்மா" என்றார் பொன்னுரங்கம் பெருமையாக. "ஒண்ணுகூடக் கண்ணுல படாது. நீங்களே தேடிப் பாருங்க."

"ஒன்றுமே இல்லையா?"

"பொம்மை இருக்கற இடத்துல பிள்ளை எப்படீங்க இருக்கும்?"

டீச்சருக்கு விஷயம் புரிந்து, "அம்மா, எங்கள் பிள்ளைகள் ஆலங்கரையில் இருக்கிறார்கள்!" என்று அலறினார்.

"ஆலங்கரையில் இருந்தால் ஆலங்கரைப் பிள்ளைகள். நானே எண்ணி எழுதியாயிற்று. எழுதியதை அழிக்க முடியாது." அதிகாரி பூட்டு வரவழைத்துப் பால்வாடியைப் பூட்டினார்.

ஒரு வாரம் சடையாண்டி தினமும் வாய்க்கால் கரையில் நின்று, மகள் பனைமரத்தைத் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். டீச்சர் போகாத ஆபீஸ் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஓர் உத்தரவு வந்தது.

'ஆலங்கரைப் பால்வாடியில் இடநெருக்கடி. அங்கே அதிகமாக உள்ள பதினேழு ஆலங்கரைக் குழந்தைகளை, காலியாக உள்ள ஓணான்குறிச்சிப் பால்வாடிக்கு உடனே மாற்றவும்.'

டீச்சர் சிரித்துக்கொண்டே பூட்டைத் திறக்க ஓடினார். உத்தரவை ஊருக்குப் படித்துக் காட்டிய பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

"பாத்தீங்களாய்யா அநியாயத்தை? நம்ம பால்வாடியில ஆலங்கரைப் பிள்ளைகளைக் கொண்டாந்து நிரப்பிட்டா, நம்ம பதினேழு பிள்ளைகளும் எங்கே உக்காரும்?"

ஊரே கொதித்தது. முத்தையன் கையில் கத்தரிக்கோலோடு வந்தார். சடையாண்டி ஒரு கையில் கம்பும் மறு கையில் மூக்கு வைத்த பொம்மையுமாகப் பனைமரத்தின் இந்தப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்; பொன்னுரங்கம் அவன் பின்னால் நின்றார்.

காலையில் ஆலங்கரைக்குப் போயிருந்த பதினேழு பிள்ளைகளும் கைகோத்துத் திரும்பி வந்தன. முன்னால் செவ்வந்தி.

"நில்லு. எந்த ஊரு?"

"அப்பா, நாந்தாம்ப்பா."

"அண்ணே, அப்பாங்குதே?"

"உள்ளே வரணும்னா எல்லாரையும்தான் அப்பாம்பாங்க. காகிதத்துல ஆலங்கரைன்னு போட்டிருக்கு, விடாதே" என்றார் பொன்னுரங்கம்.

செவ்வந்தி பொம்மையைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். சடையாண்டிக்கு மனசு கேட்கவில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் குந்தினான்.

"அழாத கண்ணு. இது எம்மகளுக்குச் செஞ்சது. யாருக்கும் தரமாட்டேன். நீயும் அவ சாடையாத்தான் இருக்கே. அந்தா அந்தப் புங்கமரத்தடியில உக்காரு. செவ்வந்தி வர்ற நேரந்தான். அவ வந்து விளையாடினதும் உனக்கும் கொஞ்ச நேரம் தரச் சொல்றேன்."

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரத்தடியில் போய் உட்கார்ந்து, அப்பாவோடு சேர்ந்து, செவ்வந்தி எப்போது வருவாள் என்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.