பூமியை நிமிர்த்தச் சொன்ன ஜமீன்தார்

பொழுது சாயும்வரை வேலை என்பது ஜமீன்தாரே போட்ட சட்டம். மார்கழியில் பொழுது சீக்கிரம் சாய்ந்தது. களை பறித்த பெண்கள், சேற்றில் வெளுத்த கால்களோடு கரையேறினார்கள்.

"ஆனியைவிட மூன்று நாழிகை வேலையைக் குறைத்துத் திருடிவிட்டீர்களே! ஆளுக்குப் பத்துச் சவுக்கடி!" என்றார் ஜமீன்தார், சவுக்கு ஏந்திய ஆளோடு தன் வீட்டு வாசலில் அவர்களை நிறுத்தி.

அந்தப் பெண்களில் ஒருத்தியான பூவாயி, வாசலில் கிடந்த ஒரு தேங்காயை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் வாசல் விளக்கைச் சுற்றி வந்தாள்.

"பூமி இப்படித்தான் சாய்ஞ்சு சுத்துது, சாமி. ஆனியில நம்ம பக்கம் சூரியனைப் பார்த்துச் சாயும், பகல் நீளும். மார்கழியில விலகிப்போகும், பகல் குறையும். திருடினது நாங்க இல்ல."

"அப்படியானால் அதை நிமிர்த்து. இல்லாவிட்டால் அடிதான்."

"நிமிர்த்துறேன் சாமி. நீங்க மட்டும் பூமியை விட்டுக் கொஞ்சம் இறங்கி நில்லுங்க. உங்க பாரத்தோட எங்களால தூக்க முடியல."

முதலில் சிரித்தவன் சவுக்கு பிடித்திருந்தவன். பிறகு அதைக் கீழே போட்டான்.