அலையை ஆற்றிய மரம்

மரஞ்செடிகள் வாய்விட்டுப் பேசி, நினைத்த இடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கழிமுகத்தின் ஓரமாகச் செம்பாயி என்றொரு மீன்காரி குடியிருந்தாள். கடல் கொஞ்சங்கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டு வந்தது. தூளியில் கைப்பிள்ளை. இன்னும் ஒரு பெரிய அலை வந்தால் குடிசை போய்விடும். தூக்கத்தில்கூட அவளுக்கு அந்த நினைப்புத்தான்.

துணைக்கு வருவார்களா என்று மரஞ்செடிகளிடம் கேட்டுப் பார்த்தாள். குறிஞ்சிக்கு மலைப்பனி இல்லாமல் ஆகாதாம். வேம்போ, "காலில் எந்நேரமும் ஈரம் இருந்தால் எனக்கு ஒத்துக்காதும்மா" என்று நழுவிவிட்டது. பெயர்கூட இல்லாத ஒரு குட்டை மரம்தான், "நான் வர்றேன் அக்கா" என்றது.

செம்பாயிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வந்த விருந்தாளியைச் சேற்றிலா நிறுத்துவது? குடிசைக்குப் பக்கத்து மணல்மேட்டில் நட்டாள். ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். அப்படியொரு செல்லம்! மரமோ இலை சுருண்டு, நாளுக்கு நாள் இளைத்தது.

"அக்கா, உன் உபசாரமே என்னைக் கொன்னுடும் போலிருக்கு. சேத்து வாசம் வர்றப்பதான் எனக்கு உயிரே வருது. வேர் விட்டப்புறம் என்னால நடக்க முடியல, நீயே என்னை அங்க நடு."

"அலை உன் தலைக்கு மேல போகுமே தங்கச்சி. மூச்சு முட்டிப் போயிடுவே."

"இங்கேயும் சாகத்தானே போறேன்."

அன்று கடல் கறுத்து எழுந்தது. செம்பாயி அழுதுகொண்டே மரத்தை வேரோடு பிடுங்கி, கழிமுகச் சேற்றில் நட்டாள். அலை வந்து மரத்தை மூடிக்கொண்டது.

"மூக்கை மேல நீட்டு தங்கச்சி" என்று கரையிலிருந்து கத்தினாள். "கழுத்தளவு தண்ணியில நாங்க அப்படித்தான் நிப்போம். குடிச்ச உப்பை வேர்வையா விட்டுடு."

சேறு மெல்ல அசைந்தது. விரல் விரலாக வேர்கள் மேலே எழும்பி, அயர்ந்து தூங்குகிறவர்களைப்போல நிதானமாக மூச்சு விட்டன. பாய்ந்து வந்த அலை அவற்றுக்குள் நுழைந்து, சுற்றி, கோபமெல்லாம் வடிந்து, குடிசை வாசலுக்கு வெறும் ஈரமாக வந்து சேர்ந்தது. பிள்ளை புரண்டுகூடப் படுக்கவில்லை.

"அலையையே ஆத்திட்டியேடி" என்றாள் செம்பாயி. அதுவே அதற்குப் பெயராயிற்று. பக்கத்தில் வைத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவோ ஆசை. ஆனாலும் மேட்டுக்கு வா என்று அவள் பிறகு கூப்பிடவே இல்லை.

அன்று முதல்தான் அலையாத்தி சேற்றிலிருந்து மூக்கை நீட்டி மூச்சு விடுகிறது, அதன் இலையில் உப்பு வேர்க்கிறது. அதன்மேல் ஆசை வைத்தவர்கள் யாரும் அதை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.