எழுதாமல் விட்ட அரை மணி நேரம்

சீடனுக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு முப்பத்தைந்து. ஆசிரமம் எது என்று கேட்டால், திருச்சி தில்லைநகரில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். கம்ப்யூட்டர் சாமான்களைச் சோதித்துப் பார்த்துத் தமிழில் விமர்சனம் எழுதும் ஓர் இணைய இதழ் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

குருவின் பெயர் ரஹ்மத் நிஷா. தன்னை யாராவது குரு என்றால் அவருக்கு எரிச்சல் வரும். அதற்காகவே வேலாயுதம் அப்படிச் சொல்லுவார். கம்ப்யூட்டர் கடை கவுன்ட்டரில் பதினெட்டு வருஷம் நின்று, கடை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவர் வேலாயுதம். விற்றது போதும், இனிமேல் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன் என்று சொல்லித்தான் சேர்ந்தார். சேரும்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு அவர் பெயரில் முதல் விமர்சனம் வரவேண்டும். நடுத்தர விலையில் மூன்று மதர்போர்டுகள், அதாவது கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களையெல்லாம் செருகும் பலகைகள். கொடுக்கிற காசுக்கு எது தேறும், எதில் என்னென்ன வசதி, ஓவர்கிளாக் செய்தால் எது தாங்கும் என்று பார்த்து ஒன்றுக்கு முதலிடம் தரவேண்டும். ஓவர்கிளாக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிராசஸரை அதற்கு விதித்த வேகத்தைத் தாண்டி விரட்டுவது.

அந்த விமர்சனத்துக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் மரியசெல்வம். அவருடைய போர்டு புகைந்துபோய்விட்டது. வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் டிஸ்க்கில் அப்படியே கிடக்க, பெண் வீட்டுக்காரர்கள் தினமும் போன் போடுகிறார்கள். அவரிடம் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். நீங்கள் எதற்கு முதலிடம் தருகிறீர்களோ அதைச் சாயங்காலம் வாங்கிவிடுகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

காலையில் வெளியே போன நிஷா மதியம் திரும்பியபோது கட்டுரை தயாராக இருந்தது. வேலாயுதம் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நிஷா உட்கார்ந்து படித்தார். வேலாயுதம் நன்றாகவே எழுதியிருந்தார். இரண்டாவது போர்டுக்கு முதலிடம். தாராளமாக யூஎஸ்பி, உள்ளேயே வைஃபை, மூன்று எஸ்எஸ்டி டிஸ்க் செருக இடம். இத்தனைக்கும் விலை மற்ற இரண்டைவிடக் குறைவு. வேகத்திலும் அதுவே மற்ற இரண்டையும் முந்தியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று முடித்திருந்தார். கவுன்ட்டரை விட்டு வந்தாலும் கவுன்ட்டர் அவரை விடவில்லை.

நிஷா எழுந்து சோதனை மேஜைக்குப் போனார். இரண்டாவது போர்டு போட்ட கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையைப் பார்த்தார்.

"மணி என்னண்ணே?"

"ரெண்டேகால் மேடம்."

"இதுல ராத்திரி ஒண்ணரைன்னு இருக்கு. தேதி ஜனவரி ஒண்ணு. வருஷமும் பழசு."

வேலாயுதமும் குனிந்து திரையைப் பார்த்தார்.

மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அதைக் கழற்றினால் போர்டு தேதியை மறந்துவிடும். நாம் ஏற்றிவைத்த வேகம், வோல்டேஜ் எல்லாவற்றையும் கூடவே மறந்துவிடும். மறக்க வைப்பதற்காகத்தான் அதைக் கழற்றுவார்கள். சோதனைக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுப்பதில்லை என்பதால் தேதி தானாகத் திருந்தவும் வழியில்லை.

"பேட்டரியைக் கழட்டினீங்களா?"

"கழட்டினேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முதலிடத்துக்கு வேண்டிய வேகம் கிடைத்த பிறகும் ஆசை விடவில்லை. இன்னும் ஒரு படி பார்க்கலாமே என்று வோல்டேஜை ஏற்றினார். திரை இருண்டது. ஃபேன் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். அணைத்துப் போட்டாலும் அதே கதைதான். தானாகப் பழைய நிலைக்குத் திரும்பவேண்டிய போர்டு திரும்பவே இல்லை. பேட்டரியைக் கழற்றலாம் என்றால், அதைத் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து, ஒயர்களைப் பிடுங்கி, விரல் நுழையாத இடத்தில் இருந்த கொக்கியை ஸ்கேலால் நெம்பி, கார்டை வெளியே எடுத்து, பேட்டரி கைக்கு வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் வயலூர் முருகனை எத்தனை முறை கூப்பிட்டார் என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

"இப்ப நல்லா ஓடுது மேடம்."

"பாத்தேன். கட்டுரைல இது இல்லையே?"

"தப்பு என்னோடது. நான்தான் ஓவரா ஏத்தினேன். அதுக்குப் போர்டு மேல எப்படிக் குறை எழுதறது?"

அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அதற்குள் போன் அடித்தது. மரியசெல்வம். நிஷா ஸ்பீக்கரைப் போட்டு, போனை வேலாயுதத்தின் பக்கம் தள்ளி வைத்தார்.

கடைக்குக் கிளம்பவேண்டும், எதை வாங்கட்டும் என்று மரியசெல்வம் கேட்டார். இரண்டாவது போர்டின் பெயரை வேலாயுதம் சொன்னார். மரியசெல்வத்துக்குச் சந்தோஷம்.

"அதுல வேகத்தக் கூட்டலாம்லா அண்ணாச்சி? நானும் கொஞ்சம் கூட்டிக்கிடுதேன். வேல சட்டுனு முடியும்."

வேலாயுதம் நிஷாவைப் பார்த்தார். நிஷா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தாராளமாகக் கூட்டுங்கள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. பதினெட்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"கூட்டாதீங்க," என்றார்.

"ஏன்?"

"இன்னைக்கு நான் கூட்டிப் பாத்தேன். படுத்துருச்சு."

கார்டு, கொக்கி, ஸ்கேல், பேட்டரி என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"கார்டெல்லாம் நான் தொட்டதே கெடையாது அண்ணாச்சி. அது படுத்துட்டுன்னா என் பொழப்பும் சேந்து படுத்துரும்."

வேலாயுதம் யோசித்தார். தான் கடைசி இடத்தில் வைத்திருந்த மூன்றாவது போர்டைப் பற்றிச் சொன்னார். அதில் வைஃபை இல்லை, யூஎஸ்பி குறைவு, வேகமும் கொஞ்சம் மட்டுதான். ஆனால் படுத்துவிட்டால் பெட்டியின் பின்பக்கம் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், எழுந்துவிடும். மரியசெல்வம் அதன் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"நல்லவேள, போன் போட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் குத்திக்காட்டவில்லை, நன்றியாகத்தான் சொன்னார். ஆனால் வேலாயுதத்துக்கு முகம் சுண்டிப்போனது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"தப்பு என்னோடதுதானே மேடம்?"

"உங்களோடதுதான். பதினெட்டு வருஷம் போர்டு வித்தவர் நீங்க. உங்களுக்கே ஆசை வந்துச்சு. வாங்கறவருக்கு வராதா?"

வேலாயுதம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டுரையின் முன் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற வரியை அழித்தார். முதலிடத்தையும் மாற்றிவிடவா என்று கேட்டார். அது நல்ல போர்டுதான், இடம் உங்கள் இஷ்டம் என்றார் நிஷா.

"அப்ப இன்னைக்கு நடந்ததை எங்க சேக்கறது? கடைசில ஒரு வரி போட்டுடவா?"

நிஷா மேஜைக்கு அடியில் கிடந்த அந்த போர்டின் அட்டைப்பெட்டியை எடுத்து, அவர் முன்னால் திருப்பி வைத்தார். யூஎஸ்பி, வைஃபை, மூன்று எஸ்எஸ்டி, ஓவர்கிளாக் வேகம். கட்டுரையில் அவர் எழுதியிருந்தது அத்தனையும் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. வேலாயுதம் ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும் வரை நிஷா காத்திருந்தார்.

"நீங்க வேர்த்துப்போய் நின்ன அரை மணி நேரம் மட்டும் இதுல இல்லண்ணே. அதுலேர்ந்து ஆரம்பிங்க."