பெயரில்லாத துறை

மீன் ஏலக்கூடத்து மாடியில் இளவேனி டீச்சர் நாலைந்து பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுத்தாள். அவர்களில் அருளப்பன் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அவள் எழுதிய நிரல் தொகுப்பை வைத்து, ஊர்ப் படகுகளை அவை நிற்கும் படகுத்துறைவாரியாகக் காட்டும் இணையப் பக்கத்தை அவன்தான் நடத்தினான்.

ஒரு மதியம் வந்து நின்றான். முகம் சரியில்லை.

"டீச்சர், உங்க தொகுப்புல ஒரு பிழை."

"சொல்லுங்க."

"கடலுக்குப் போய்த் திரும்பாத மச்சான் படகைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டேன். தேடப்போனவங்க, தேடுறதை நிறுத்தியாச்சுன்னு என்கிட்டதான் சொன்னாங்க. எடுத்த படகு எந்தத் துறைக்குக் கீழ இருக்குன்னு கேட்டா, 'இல்லை'ன்னு வரணும். என் போன்ல அப்படித்தான் வருது. அக்கா வீட்டுப் பழைய பிரவுசர் மட்டும் இருக்குங்குது."

"என்ன இருக்கு?"

"ஒரு துறை. பேர் இல்ல. அதுக்கு மேல எதுவும் இல்ல. இணையப் பக்கத்துல எங்க தேடினாலும் அது இல்ல. ஆனா படகு அதுக்குள்ள நிக்குது."

அக்கா ரெஜினா தினமும் அந்தத் திரையைப் பார்க்கிறாள். கணவர் ஏதோ ஒரு துறையில் ஒதுங்கியிருக்கிறார், அதன் பேர்தான் தெரியவில்லை என்கிறாள். சாயங்காலம் இரண்டு தட்டு வைக்கிறாள். நேற்று அவள் கண்முன்னே பிரவுசரை மூடித் திறந்தான். துறை அங்கேயே இருந்தது.

"பாத்தியா," என்று மட்டும் சொன்னாள்.

"எந்தப் பிரவுசர் பொய் சொல்லுது, டீச்சர்?"

டீச்சர் வெளியே போய்க் கொடியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்துவந்தாள். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"கொடியிலேருந்து எடுத்தாச்சு. கொடியைக் கேட்டா என்ன சொல்லும்?"

"எங்கிட்ட இல்லைங்கும்."

"சட்டையைக் கேட்டா?"

அருளப்பன் பார்த்தான். காற்றே இல்லை. அவள் பிடியில் சட்டையின் கைகள் லேசாக ஆடின.

உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதினான். மேலே இருப்பது, எடுத்ததைப் பழைய பிரவுசர் போட்டுவைக்கும் பெயரில்லாத வெறுங்கூடு என்றால், 'இல்லை' என்று சொல். அங்கிருந்த கணினியில் சோதித்தபோது, பழையதும் புதியதுமாக இரண்டு பிரவுசரும் ஒத்துப்போயின. திருத்தத்தை இணையப் பக்கத்துக்கு அனுப்பப்போன விரல் பட்டன்மேல் நின்றுவிட்டது.

"அனுப்பினா அக்கா இன்னைக்கே பாத்துடுவா."

"பாப்பாங்க."

"தேடுறதை நிறுத்தினதையே நான் சொல்லல, டீச்சர்."

அவள் சட்டையோடு அவன் பக்கம் வந்தாள்.

"இத்தனை நாளா அங்க மச்சானைப் பிடிச்சு வச்சிருந்தது யாரு?"

டீச்சர் இன்னும் சட்டையை இறக்கவில்லை.

"எடுத்தவங்க கைதான், அண்ணே."