படித்து முடித்தவர் ஏறட்டும்

ஒரு ராஜாவிடம் வேலாயுதத்தார் என்று யானை அதிகாரி ஒருவர் இருந்தார். மீசை முனைக்கு ஒன்றாக இரண்டு கிளி உட்காரலாம், அப்படி ஒரு மீசை.

பக்கத்து நாட்டு ராஜா அனுப்பிய யானை முந்தாநாள்தான் வந்திருந்தது. அதன்மேல் இன்றைக்கே ஊர்வலம் போக ராஜாவுக்கு ஆசை.

"ஏறுடா, மாடக்கண்ணு!" என்று பாகனை அதட்டினார் அதிகாரி.

"என் கையால் ஒரு வாய் கரும்பு தின்னாத யானைமேல் நான் ஏறுவதில்லை, எசமான். இதன் குணத்தை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்."

"முப்பது வருஷம் பாகனாக இருந்தும் இன்னுமா படிக்கிறாய்? நான் இருபது வயதிலேயே யானை சாஸ்திரத்தைப் படித்து முடித்தவன்! மகாராஜா, இந்த மக்குக்கு வேலை எதற்கு?"

"ஏறு, இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ" என்றார் ராஜா.

மாடக்கண்ணு அங்குசத்தை அதிகாரியின் கையில் திணித்தான். "போகிறேன், மகாராஜா. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஊர்வலத்தில் நாலு பேரை நசுக்க மாட்டேன். படித்து முடித்தவர் ஏறட்டும்."

யானை காதை விரித்து அதிகாரியைப் பார்த்தது. அவ்வளவுதான். அவர் ஓடிய ஓட்டத்தில் தலைப்பாகை இங்கே, அங்குசம் அங்கே.

ராஜாவே குனிந்து அங்குசத்தை எடுத்துப் பாகனிடம் நீட்டினார். "எப்போதப்பா ஏறலாம்?"

"யானையைக் கேட்டுச் சொல்கிறேன், மகாராஜா."

அன்றைய ஊர்வலத்தில் ராஜா நடந்தே போனார்.